கொடுவாக் காலமும் காத்திருக்கும் முறையும்

காணிப்பாக்கத்திலிருந்து பழவேற்காட்டு ஏரிக்கு ஒரு பயணம்



பிழைப்பைத் தேடிச் சொந்த ஊரை விட்டு வந்து, சென்னையிலும் பெங்களூரிலும் சித்தூரிலும் திருப்பதியிலும் வேர் பிடித்திருக்கிற நம் குடும்பங்களில், ஆண்டின் இறுதி நெருங்கும்போது ஒரு பேச்சு எழும்புவதுண்டு. "இந்த ஆண்டாவது எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் எங்காவது போய் வரலாமே!" என்பதே அது. மலைக்குப் போகலாம் என்பார் ஒருவர். கடற்கரை போதும் என்பார் இன்னொருவர். வாலிபப் பிள்ளைகளோ கைப்பேசியில் அமெரிக்க ஏரிகளின் காட்சிகளைக் காட்டி, "ஐயா, இதைப்போல நாமும் தூண்டில் போட முடியாதா?" என்று கேட்கிறார்கள்.

அந்தக் காட்சிகளில் அவர்கள் பார்ப்பது 'பாஸ்' என்னும் மீனை. இலையுதிர் காலத்தில் அந்நாட்டு ஏரிகளின் நீர் குளிரத் தொடங்கும். குளிர்காலம் வருமுன் அந்த மீன் வயிறார உண்ணும்படி சிறு மீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு கரையோரத்துக்கும் ஓடைகளுக்கும் வரும். அதற்காகவே நண்பர்கள் பல மாதங்களுக்கு முன்பே நாள் குறித்து, கூட்டமாகப் புறப்பட்டுச் செல்வார்கள்.

நம் நாட்டில் இலைகள் சிவந்து உதிரும் காலம் இல்லை. ஆயினும் நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தபோது, ஐப்பசியையும் கார்த்திகையையும் 'கூதிர்' என்று அழைத்தார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கும் காலம் அது. அக்காலத்தில் நம் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஏரி உண்டு. அந்த ஏரியில் நமக்குரிய 'பாஸ்' மீனும் உண்டு. அதன் பெயர் கொடுவா. ஏரியின் பெயர் பழவேற்காடு. அங்கே செல்வது எப்படி, எப்போது, எந்த மனதோடு என்பதை இக்கட்டுரையில் சிந்திப்போம்.

காணியும் பாக்கமும்

பெங்களூரிலிருந்து கோலார், முல்பாகல், பலமனேர் வழியாக வருகிறவர்களும், சித்தூரிலிருந்து புறப்படுகிறவர்களும் ஒன்றுகூடுவதற்கு ஏற்ற இடம் காணிப்பாக்கம். சித்தூரிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தூரத்தில், இரால மண்டலத்தில் உள்ள ஊர் இது. இங்குள்ள விநாயகர் கோவிலினால் நாடெங்கும் பெயர் பெற்றது. ஆகையால் எந்த நேரத்திலும் வாகனங்களும் உணவு விடுதிகளும் உண்டு. ஆந்திர மாநிலத்து ஊராயினும் அதன் பெயரில் தமிழ் ஒலிப்பதைக் கவனித்தீர்களா?

'காணி' என்றால் நிலம். வெறும் நிலம் மாத்திரமன்று. தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும் உரிமையுள்ள நிலம். 'காணியாட்சி' என்ற பழஞ்சொல் அந்த உரிமையையே குறிக்கும். 'பாக்கம்' என்பது ஊர், அதிலும் சிறப்பாகக் கடலையோ நீரையோ அடுத்த ஊர். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று சென்னையில் வாழ்கிறவர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் பெயர்களில் இந்தச் சொல் வாழ்கிறது. காணியை விட்டு வந்து ஏதோ ஒரு பாக்கத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிற நமக்கு, இந்த ஊர்ப்பெயரே ஒரு சிந்தனையைத் தருகிறது. நிலத்தில் காணி உண்டு. நீரில் காணி உண்டா? யாரும் வேலி போட முடியாத தண்ணீரில் யாருக்கு எந்த உரிமை? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் அதற்கு விடை காண்போம்.

காணிப்பாக்கத்திலிருந்து பூதலப்பட்டு வழியாகத் திருப்பதி. அங்கிருந்து ஸ்ரீகாளஹஸ்தி, நாயுடுப்பேட்டை. பின்பு சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினால் சூளூர்ப்பேட்டை. இடையில் நின்று செல்வதையும் சேர்த்து நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். 2022 ஏப்ரலில் ஆந்திர மாநிலத்தில் மாவட்டங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, காணிப்பாக்கம் சித்தூர் மாவட்டத்திலேயே நின்றது. முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூளூர்ப்பேட்டையும் தடாவும் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தன. இவ்விதமாக மலையடிவார மாவட்டமாக நாம் நினைக்கும் திருப்பதிக்கு இன்று ஓர் உவர்நீர் ஏரியும் உண்டு!

ஓர் ஆள் ஆழமும் இல்லாத ஏரி

பழவேற்காட்டு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில். தெற்குப் பகுதி மாத்திரம் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில். மழைக்காலத்தில் நீர் விரிந்து 460 சதுர கிலோமீட்டர் வரை பரவும். கோடையில் பாதியாகச் சுருங்கும்.

நாம் வேதத்தில் வாசித்துப் பழகிய கலிலேயாக் கடலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கலிலேயாக் கடலின் பரப்பு ஏறத்தாழ 166 சதுர கிலோமீட்டர்தான். நிறைந்திருக்கும் காலத்தில் பழவேற்காட்டு ஏரி அதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் பெரியது. ஆனால் கலிலேயாவின் ஆழம் 40 மீட்டருக்கும் மேல். இந்த ஏரியின் சராசரி ஆழமோ ஏறத்தாழ ஒரு மீட்டர். பல இடங்களில் மீனவர்கள் படகை விட்டு இறங்கி நடந்தே வலையைச் சரிசெய்கிறார்கள்.

கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கிறது. 1971 முதல் ஏவுகலங்கள் விண்ணுக்குப் புறப்படும் இடம் அதுவே. சூளூர்ப்பேட்டையிலிருந்து அத்தீவுக்குச் செல்லும் சாலை ஏரியின் நடுவே போடப்பட்டிருக்கிறது. இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீரும் சேறும். மழைக்குப் பின் பூநாரைகள் அங்கே ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். வடக்கேயுள்ள நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். இவற்றின் நிமித்தமாகவே ஏரியின் ஆந்திரப் பகுதி 1976ஆம் ஆண்டிலும் தமிழகப் பகுதி 1980ஆம் ஆண்டிலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன.

ஏரியின் தெற்குக் கரையில் பழவேற்காடு என்னும் ஊர். 1613இல் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுவே. சித்திர வேலைப்பாடுள்ள கல்லறைகள் இன்றும் அங்கே நிற்கின்றன. அக்காலத்தில் கப்பல் வணிகத்தினால் செழித்த துறைமுகம் இன்று ஒரு மீனவ ஊர். ராஜ்யங்கள் வந்து போயின; வலையும் தோணியும் நிலைத்திருக்கின்றன.

இந்த ஏரிக்கு உயிர் கொடுப்பவை இரண்டு. ஒன்று, மேற்கேயிருந்து வரும் நன்னீர். ஆரணி ஆறு திருப்பதி மாவட்டத்துப் பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, தமிழ்நாட்டுக்குள் ஓடி, ஏரியின் தென்கோடியில் சேருகிறது. காளங்கி ஆறு சூளூர்ப்பேட்டைப் பக்கமாக வந்து சேருகிறது. நாம் வாழும் மலையடிவாரங்களில் பெய்யும் மழையின் ஒரு பங்கு அந்த ஏரியில்தான் போய் முடிகிறது. இரண்டாவது, கடலிலிருந்து வரும் உப்புநீர். அது நுழையும் வாசலை முகத்துவாரம் என்கிறோம். மழை வெள்ளத்தின் வேகம் அந்த வாசலைத் திறக்கும். கோடையில் கடல் கொண்டுவரும் மணல் அதை மூடும். மூடிவிட்டால் ஏரி நீர் வற்றிக் கடலைக் காட்டிலும் அதிகமாய் உப்பேறும். மழை வந்தாலோ சில இடங்களில் குடிநீரைப்போல் உப்பில்லாமல் ஆகும். ஒரே ஏரி, ஓராண்டுக்குள் இரு வேறு ஏரியாகிறது!

கொடுவா: வாசல் திறக்கக் காத்திருக்கும் மீன்

இந்த மாறுதலுக்கென்றே உண்டாக்கப்பட்டதுபோல் இருப்பது கொடுவா மீன். தெலுங்கில் அதைப் 'பண்டுகப்ப' என்கிறார்கள். வங்காளிகள் 'பேட்கி' என்று கொண்டாடுவதும், கேரளத்தில் 'காளாஞ்சி' என்று சொல்வதும், ஆஸ்திரேலியர் 'பாரமுண்டி' என்று அழைப்பதும் இதையே. வெள்ளி நிறம், கண்ணுக்கு மேலே சற்றுக் குழிந்த நெற்றி, அகன்ற வாய், இரவில் விளக்கொளி பட்டால் கனல்போல் மின்னும் கண்கள். ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது.

இதன் வாழ்க்கை வியப்பானது. ஆறு கடலோடு சேரும் இடத்தருகே, உப்பு மிகுந்த நீரில் இது முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியாக ஏரிக்குள்ளும் ஓடைகளுக்குள்ளும் வருகின்றன. சில ஆற்றின் நன்னீர் வரையிலும் ஏறிச் செல்கின்றன. அங்கே சில ஆண்டுகள் வளர்ந்து, இனம் பெருக்க மறுபடியும் உப்புநீரை நோக்கித் திரும்புகின்றன. முதலில் ஆணாக முதிரும் இந்த மீன், பின்பு வளர்ந்து பெரிதாகும்போது பெண்ணாக மாறுகிறது. ஆகவே மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் தாய்மீனே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் பிடித்தால் திரும்ப நீரில் விட்டுவிட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். சிறியது இன்னும் வளர வேண்டும். பெரியது இன்னும் பெற வேண்டும். எத்தனை நேர்த்தியான கணக்கு!

நம் நாட்டிலும் இந்த மீனைக் காக்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997இல், இந்தியாவிலேயே முதன்முறையாக, கொடுவாவைப் பண்ணைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைத்து வெற்றி கண்டது. இன்று சந்தையில் கிடைக்கும் கொடுவாவில் ஒரு பங்கு பண்ணையில் வளர்ந்ததே.

கொடுவா இரையைத் தேடி அலைவதைக் காட்டிலும் காத்திருந்து கவ்வும் இயல்புடையது. நட்டிருக்கும் கழியின் நிழலிலும், சதுப்புநில வேர்களின் ஓரத்திலும், நீரோட்டம் திரும்பும் முனையிலும் ஒதுங்கி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகள் பெருகி, முகத்துவாரம் திறந்து, புதுநீரும் கடல்நீரும் கலக்கும் நாட்களில் இறாலும் மடவைக் குஞ்சும் ஓட்டத்தோடு அடித்துக்கொண்டு வரும். அப்போது அந்த முனைகளில் கொடுவா நிற்கும். தூண்டில்காரரும் அங்கேயே நிற்பார்கள். உயிருள்ள இறாலையோ சிறு மடவையையோ கோத்து, ஓட்டம் திரும்பும் நேரம் பார்த்துப் போடுவார்கள்.

ஆந்திரக் கரையோரத்தில் 'பட்டப்பு' என்று அழைக்கப்படும் மீனவர்கள் வாழ்கிறார்கள். தலைமுறைகளாய்த் தெலுங்கு நாட்டில் இருந்தும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். நம்மைப்போல இரண்டு மொழிகளுக்கு நடுவே வாழ்கிற ஜனங்கள். அவர்களில் முதியவர் ஒருவரிடம், "இப்போது கொடுவா கிடைக்குமா, பெரியவரே?" என்று கேட்டேன். அவர் வலையின் முடிச்சை விட்டுக் கண்ணெடுக்காமல், "மீனத் தேடி நாங்க எங்கங்க ஐயா போறது? வாய் தெறந்தா அது தானா உள்ள வரும். வாய் மூடிக்கிச்சுன்னா, எத்தன வல போட்டாலும் வெறுங்கைதான்" என்றார். அவர் 'வாய்' என்று சொன்னது முகத்துவாரத்தை. ஏரியைக் குறித்து நிபுணர்கள் பல பக்கங்களில் எழுதுவதை அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட்டார். முகத்துவாரம் மணலால் மூடாதபடி தெற்கே கல்சுவர் எழுப்பும் பணியைத் தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டதும் இந்தக் காரணத்தினாலேயே.

நீரில் ஒரு காணி

இப்போது நாம் கேட்ட கேள்விக்கு வருவோம். தண்ணீரில் காணி உண்டா? உண்டு. பழவேற்காட்டு மீனவர்கள் அதைப் 'பாடு' என்கிறார்கள்.

ஏரியில் எல்லா இடத்திலும் ஒரேயளவு மீன் கிடைப்பதில்லை. முகத்துவாரத்தை அடுத்த இடங்களில் இறாலும் மீனும் மிகுதி. தள்ளிப் போகப் போகக் குறைவு. எல்லாரும் நல்ல இடத்துக்கே பாய்ந்தால் வலையோடு வலை சிக்கும், கைகலப்பு வரும். ஆகையால் நெடுங்காலத்துக்கு முன்பே அவர்கள் ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினார்கள். ஊரில் உரிமை பெற்ற ஆண்களின் பெயர்கள் 'தலைக்கட்டு' என்ற கணக்கில் இருக்கும். கழி நட்டுக் கட்டும் சுத்துவலைக்குரிய இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். எந்தக் குழு எந்த இடத்தில் எப்போது வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப்போட்டுத் தீர்மானிப்பார்கள். இன்று நல்ல இடம் பெற்றவன் அடுத்த முறை வேறு இடத்துக்கு நகருவான். இன்று குறைவாகப் பெற்றவனுக்கும் நல்ல இடம் ஒரு நாள் வரும். பணமுள்ளவன் அதிகம் பெறுவதும், பலமுள்ளவன் முந்திக்கொள்வதும் அந்த ஒழுங்குக்குள் செல்லாது.

கானான் தேசம் கோத்திரங்களுக்குச் சீட்டுப்போட்டுப் பங்கிடப்பட்ட வரலாற்றை அறிந்த நமக்கு இது புதிய செய்தி அன்று. ஆனால் நிலத்தைச் சீட்டுப்போட்டுப் பங்கிட்டால் ஒருமுறையோடு முடிந்தது. நீரையோ ஒவ்வொரு முறையும் புதிதாகப் பங்கிட வேண்டும். நிலத்தின் காணி ஒருவனுக்கு நிலையான இடத்தைக் கொடுக்கிறது. நீரின் பாடு ஒருவனுக்கு முறையை மாத்திரம் கொடுக்கிறது.

இந்த ஒழுங்கில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. தலைக்கட்டில் பெயர் உள்ளவனுக்கு அது நியாயம். பெயர் இல்லாதவனுக்கோ அது மதில். இருளர் இனத்துப் பெண்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்து, கையால் சேற்றைத் துழாவி, ஒவ்வொரு இறாலாகப் பிடித்து, பல்லால் கவ்விய ஓலைப் பறிக்குள் போடும் காட்சியை அங்கே காணலாம். பாட்டில் பங்கில்லாத இப்படிப்பட்டவர்களும் அதே ஏரியால்தான் பிழைக்கிறார்கள். புதிதாக வலை பிடித்த மற்றச் சமூகத்தாருக்கும் பழைய உரிமைக்காரருக்கும், இரு மாநிலக் கரையாருக்கும் இடையே சச்சரவுகள் எழுந்ததும் உண்டு. மீன் குறையக் குறைய, காத்திருக்கும் பொறுமையும் குறைகிறது. முறை என்பது எழுதி வைத்ததினால் நிலைப்பதன்று. ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் தன் ஆசையை அடக்கிக்கொள்வதினாலேயே நிலைக்கிறது.

நாம் அந்தக் கரைக்குப் போகும்போது தலைக்கட்டில் பெயர் இல்லாத விருந்தினராகவே போகிறோம். இதை மறவாதிருந்தால், பயணத்தை ஆயத்தம் செய்வது எளிதாகும்.

ஒரு கிறிஸ்துமஸ் நாளின் கண்ணீர்

ஆயத்தத்தைக் குறித்துச் சொல்லுமுன், ஒரு துக்கமான சம்பவத்தை நினைவுகூர வேண்டியிருக்கிறது. 2011 டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்துமஸ் விடுமுறையில் பழவேற்காட்டுக்கு வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். பெண்களும் சிறுபிள்ளைகளும் அதில் இருந்தார்கள். காலையில் உறவினராய்ச் சிரித்துக்கொண்டு புறப்பட்ட கூட்டம். மாலையில் அழுவதற்கும் ஆளில்லாத வீடுகள். அதன்பின் பழவேற்காட்டில் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது.

ஓர் ஆள் ஆழமும் இல்லாத ஏரியில் எப்படி இவ்வளவு பேர் மாண்டார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. ஏரி ஆழமற்றதுதான், முகத்துவாரம் அப்படியல்ல. ஏரியின் நீர் அந்த ஒடுங்கிய வாசல் வழியாகக் கடலுக்குப் போகவும் வரவும் வேண்டும். அங்கே ஓட்டம் வேகமாயிருக்கும். கடலின் அலை எதிர்த்து வரும். மணல்மேடுகள் நாளுக்கு நாள் இடம் மாறும். கொடுவாவுக்கு உகந்த இடம் எதுவோ, அதுவே நமக்கு ஆபத்தான இடம். மீன்பிடிப் படகு வலையையும் நான்கு ஆட்களையும் சுமக்கக் கட்டப்பட்டது. அதில் இருபது பேர் ஏறி, ஒரு பக்கமாக எழுந்து நின்று படம் எடுத்தால் அது தாங்காது.

"படகுக்காரர் கூப்பிட்டாரே", "மற்றவர்கள் போகிறார்களே" என்பவை காரணங்களல்ல. கூட்டத்தை நடத்துகிறவர் ஒருவர் "வேண்டாம்" என்று சொல்லத் துணிய வேண்டும். பிள்ளைகள் முகம் வாடலாம். வாடிய முகத்தோடு பிள்ளைகள் வீடு திரும்புவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை அந்த 22 பேரின் வீட்டாரிடம் கேட்டால் சொல்வார்கள்.

கூட்டமாகச் செல்வோருக்குச் சில ஆலோசனைகள்

முதலாவது, காலத்தைத் தெரிந்தெடுங்கள். கொடுவாவுக்குரிய காலம் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை. அதுவே புயலுக்கும் வெள்ளத்துக்கும் உரிய காலம். 2021 நவம்பரில் திருப்பதி வெள்ளத்தில் தத்தளித்ததையும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் இந்தக் கரையோரம் முழுவதையும் வருத்தியதையும் நாம் மறக்கவில்லை. ஆகவே மீன் பார்க்கும் ஆவலுள்ள ஆண்கள் நான்கைந்து பேர் மழை விட்ட ஒரு வாரத்தில் முன்னே சென்று வரலாம். குழந்தைகளும் முதியவர்களும் சேர்ந்த பெரிய கூட்டமோ ஜனவரியில் செல்வதே நலம். அப்போது மழை ஓய்ந்திருக்கும். பூநாரைகளும் கூழைக்கடாக்களும் நிறைந்திருக்கும். சந்தையில் கொடுவாவும் கிடைக்கும். ஆந்திர அரசு நடத்தும் பூநாரைத் திருவிழாவும் 2025இல் ஜனவரி மாதத்திலேயே நடந்தது.

இரண்டாவது, உத்தரவு பெற்றுச் செல்லுங்கள். இது சரணாலயம். தூண்டில் கையில் இருக்கிறது என்பதற்காக எங்கும் போட்டுவிட முடியாது. வனத்துறை அலுவலகத்திலும் மீன்வளத் துறையிலும் முன்கூட்டியே விசாரித்து, அனுமதி உண்டென்றால் மாத்திரம் போடுங்கள். இல்லையென்றால் மீனவர் பிடிப்பதைப் பார்த்து, அவர்களிடமே வாங்குங்கள். அவர்கள் சீட்டுப்போட்டுக் காத்திருந்து பெற்ற இடத்தில் நாம் விளையாட்டுக்காக நுழைவது நியாயமல்ல. பிடிப்பவர் கையில் நேரே பணம் கொடுத்து வாங்கினால் அதுவும் ஓர் உதவியே.

மூன்றாவது, படகைக் குறித்துக் கண்டிப்பாயிருங்கள். தடைசெய்யப்பட்ட இடத்தில் யார் அழைத்தாலும் ஏறாதிருங்கள். தடாவுக்கு அருகே பீமுனிவாரிபாளையத்தில் ஆந்திரச் சுற்றுலாத் துறையின் படகுத்துறை உண்டு. அங்கே அன்று படகு ஓடுகிறதா என்று முன்பே கேட்டறியுங்கள். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, அதைக் குழந்தைக்கு ஏற்ற அளவில் கட்டினார்களா என்று பார்த்த பிறகே ஏறுங்கள். மாலை இருட்டுமுன் கரை சேர்ந்துவிடுங்கள்.

நான்காவது, கூட்டத்தைச் சிறு பிரிவுகளாக்குங்கள். நாற்பது பேர் ஒரே கூட்டமாய் நகர்ந்தால் யாரைக் காணோம் என்பதே தெரியாது. எட்டுப் பேருக்கு ஒரு பொறுப்பாளர். அவரிடம் பெயர்ப் பட்டியலும் கைப்பேசி எண்களும். வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணுங்கள். முதியவருக்கான மருந்து, குடிநீர், குடை, தொப்பி, மாற்றுத் துணி ஆகியவற்றை ஒரு சகோதரி பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும். ஏரிக்கரையில் நிழல் அரிது. கழிப்பிட வசதியும் எல்லா இடத்திலும் இராது. ஆகையால் சூளூர்ப்பேட்டையிலேயே நின்று புறப்படுங்கள். செலவைத் தலைக்கு இவ்வளவு என்று முன்பே அறிவித்து, தர இயலாத குடும்பத்தின் பங்கை மற்றவர்கள் அறியாதபடி சிலர் ஏற்றுக்கொள்வது நல்ல வழக்கம்.

ஐந்தாவது, மீன் வாங்கத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல கொடுவாவின் செவுள் சிவந்திருக்கும். கண் தெளிந்து பிதுங்கி நிற்கும். சதையை விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் எழும்பும். முள் குறைவு, சதை திண்மை. ஆகவே குழந்தைகளுக்குப் பயமின்றிக் கொடுக்கலாம். தலையைப் புளிக்குழம்புக்கும் நடுத்துண்டை வறுவலுக்கும் வைப்பது வழக்கம். வீடு திரும்பப் பல மணி நேரம் ஆகுமாதலால் பனிக்கட்டி நிரப்பிய பெட்டியை எடுத்துச் செல்ல மறவாதிருங்கள். மிகச் சிறிய குஞ்சுகளை விலை குறைவு என்று வாங்காதிருங்கள். அவற்றுக்கு இன்னும் வளரும் காலம் உண்டு.

ஆறாவது, கரையைக் கொண்டுபோனபடியே விட்டு வாருங்கள். நெகிழிப் பையும் உணவுப் பொட்டலமும் மீனவர் வலையில்தான் போய்ச் சிக்கும். பறவைகளின் அருகே கூச்சலிடுவதும் கல்லெறிவதும் ஒலிபெருக்கி வைப்பதும் தகாது. நம் பாட்டும் ஜெபமும் தங்கும் இடத்தில் ஆகட்டும். ஏரியில் பறவைகளின் சத்தத்தை நாம் கேட்போமாக.

முறை வரும்

பிரியமானவர்களே, நகரம் நமக்கு ஒரு பாடத்தை நாள்தோறும் போதிக்கிறது. முந்து, இல்லையேல் இழப்பாய் என்பதே அது. பேருந்தில், குடிநீர் வரிசையில், பள்ளிச் சேர்க்கையில், வேலை தேடுவதில் எங்கும் அதே நெருக்கடி. காணியை விட்டு வந்த நமக்கு இங்கே தலைக்கட்டிலும் பெயர் இல்லை. ஆகையால் முந்திக்கொள்வதைத் தவிர வழியில்லை என்றே பலரும் எண்ணுகிறோம்.

பழவேற்காட்டு ஏரி வேறொன்றைச் சொல்லுகிறது. மணல் மூடிய வாசல் மழைக்காகக் காத்திருக்கிறது. குஞ்சு மீன் வாசல் திறக்கக் காத்திருக்கிறது. வளர்ந்த கொடுவா கழியின் நிழலில் ஓட்டம் திரும்பக் காத்திருக்கிறது. மீனவன் தன் சீட்டு வரக் காத்திருக்கிறான். இவர்களில் ஒருவர் பொறுமையிழந்து முந்தினாலும் மற்றவரின் பங்கு குறையும். முகத்துவாரத்தில் முந்திய ஒரு படகினால் 22 உயிர்களே போயின. காத்திருப்பது சோம்பலுமன்று, தோல்வியுமன்று. அடுத்தவனுக்கும் இந்த நீரில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்வதே அது.

இந்த ஆண்டு உங்கள் குடும்பங்கள் சேர்ந்து நாள் குறிக்கும்போது, விடுமுறை என்றைக்கு என்று கேட்பதோடு, ஏரி என்றைக்கு நம்மை ஏற்கும் என்றும் கேளுங்கள். மழையானால் ஒரு வாரம் தள்ளிவையுங்கள். காற்று பலமானால் கரையிலேயே அமர்ந்து உண்டு திரும்புங்கள். தூண்டிலுக்கு உத்தரவில்லையென்றால் சந்தையில் வாங்கிய கொடுவாவைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். சென்ற அத்தனை பேரும் எண்ணிக்கை குறையாமல் வீடு வந்து சேருவதே நல்ல பயணம். அப்படிப்பட்ட பயணத்தைக் கர்த்தர் உங்களுக்கு வாய்க்கப்பண்ணுவாராக.